கிணற்றடியில் பதினொரு பேர்

ஆகஸ்ட் 6

தலைமையாசிரியர் பழனிவேல் சார் இன்று என்னைக் கூப்பிட்டு, "வசுமதி டீச்சர், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு உங்களுக்கு ஓய்வுதானே?" என்றார். ஓய்வு என்று அவர் வாயிலிருந்து வந்தாலே அது பறிபோகப் போகிறது என்று அர்த்தம். கோவையிலிருந்து ஏதோ அறக்கட்டளைக்காரர்கள் ஒரு கட்டு கையேடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் தங்களைத் தாங்களே அறிந்து இலக்கு வகுத்துக்கொள்வதற்காம். உயிரியல் பிரிவு, நாற்பத்தொரு பேர். 'இலக்கு வகுப்பு' என்று கால அட்டவணையில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்.

கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி: ஆசிரியரும் மாணவர்களோடு சேர்ந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதனால்தான் இது. பத்தொன்பது வருஷமாகத் தாவரவியல் நடத்துகிறேன். பாடக்குறிப்பு தவிர வேறெதுவும் எழுதியதில்லை.

முதல் கேள்வி: நான் யார்?

வசுமதி. வயது நாற்பத்தைந்து. முதுகலை ஆசிரியர். தனபாலின் மனைவி. கல்லூரி விடுதியில் இருக்கும் நிகிலனின் அம்மா.

இதற்கு மேல் வரவில்லை. கீரை ஆய வேண்டும்.

ஆகஸ்ட் 8

முதல் வகுப்பு. 'நான் யார்' என்பதற்குப் பெரும்பாலோர் பெயர், ஊர், ரத்தப் பிரிவு எழுதியிருந்தார்கள். ஒருத்தன் ஆதார் எண்ணை எழுதியிருந்தான். கௌசிகா மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். ஏழைகளுக்குச் சேவை செய்யும் மருத்துவராவதே லட்சியம் என்று தொடங்கி ஐந்தாண்டுத் திட்டம், பத்தாண்டுத் திட்டம் எல்லாம் இருந்தன. தலைப்புகளுக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு.

பள்ளியில் முதல் மதிப்பெண் அவள்தான். தினமும் பள்ளி விட்டதும் திருப்பூருக்குப் பஸ் ஏறி நீட் கோச்சிங் போகிறாள். அப்பா பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அவள் எழுதியதை வாசித்துக் காட்டி, "இப்படி எழுதணும்" என்றேன். அவள் தலையைக் குனிந்து மேசையில் ஏதோ கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடக்கமான பெண்.

ஆகஸ்ட் 22

இன்றைய கேள்வி: நேரம் போவதே தெரியாமல் நீ செய்யும் காரியம் எது?

பத்து நிமிஷமாகியும் நாற்பத்தொரு பேனாவும் அசையவில்லை. "மிஸ், நீங்க எழுதினத முதல்ல படிங்க" என்றாள் முன்வரிசை ரஃபீகா. நான் எழுதியிருக்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன். தாராபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு கிணறு. பத்து வயதில் அதன் உள்சுவரில் படர்ந்திருக்கும் பாசியையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் எத்தனை வித்தியாசம்! அம்மா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அன்றே தாவரவியல்தான் என்று முடிவாகிவிட்டது.

பின்வரிசை வரைக்கும் நிமிர்ந்து கேட்டார்கள். சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கியது.

ஆகஸ்ட் 23

பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. தலைமையாசிரியர். எந்த ஊர் என்பது அடுத்த மே மாதக் கலந்தாய்வில் தெரியும். வேண்டாமென்றால் நவம்பர் ஐந்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"எழுதிக் குடுத்துரு வசு. எங்காச்சும் தூரமாப் போட்டுட்டா என்ன பண்ணுவே?" என்றார் இவர். அவரே கடிதத்தை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, ஃபைலில் வைத்துவிட்டார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை போட்டுவிடுவேன்.

செப்டம்பர் 1

கையெழுத்துப் போட மறந்துவிட்டேன். ஆய்வகத்தில் நுண்ணோக்கி இரண்டு பழுது.

செப்டம்பர் 12

கௌசிகா இந்த வாரம் நாலே வரி எழுதியிருந்தாள்:

"மிஸ், முதல் வாரம் நான் எழுதியது போன வருஷப் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்தது. அப்பாவுக்கு அது பிடிக்கும். எனக்கு எது பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இதை யாரிடமும் படித்துக் காட்டாதீர்கள்."

மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். வந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"டாக்டருக்குப் படிக்க இஷ்டமில்லையா?"

"தெரியலீங் மிஸ்."

"வீட்டுல கோழி இருக்கே. கால்நடை மருத்துவம் யோசிச்சியா?" எனக்கே அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது.

"ஐயோ, அந்த வாசமே ஆகாதுங் மிஸ். காலைல தீவனம் போட்டுட்டு ரெண்டு தடவை குளிச்சுட்டு வர்றேன்."

"சரி. நல்லா யோசிச்சுப் பாரு. எல்லாருக்குள்ளயும் ஏதோ ஒண்ணு இருக்கும்."

"இல்லாட்டி?"

"இருக்கும். தேடிப் பார்க்கணும்."

"எனக்குள்ள இல்லாமப் போயிட்டா என்னங் மிஸ் பண்றது?"

மணி அடித்துவிட்டது. "இருக்கும், கண்டிப்பா இருக்கும். அடுத்த வாரம் எழுதிட்டு வா" என்று அனுப்பினேன். கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் அவள் படியிறங்கிப் போன விதம் என்னவோ போலிருந்தது.

செப்டம்பர் 19

கண்டுபிடித்துவிட்டாள்! இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்.

பண்ணைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அதன் ஓரத்தில் உட்கார்ந்து பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வியந்து போனாளாம். அம்மா மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லையாம். தாவரவியல் படித்து உங்களைப் போல ஆசிரியராக வேண்டும் என்று முடித்திருக்கிறாள்.

ஐந்து தடவை படித்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படியொரு நாள் வந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் இவரிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டியா?" என்றார். ஃபைலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நாளை தேட வேண்டும்.

செப்டம்பர் 21

ஞாயிற்றுக்கிழமை. கௌசிகா வீட்டுக்குப் போனேன். வரட்டுமா என்று முதல் நாளே அவளிடம் கேட்டேன். "உங்க இஷ்டங் மிஸ்" என்றிருந்தாள்.

அவள் அப்பா நாச்சிமுத்து என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா பரமேஸ்வரி மோர் கொண்டு வந்தார். பெரிய சண்டை நடக்கும் என்று என்னென்னவோ தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பிள்ளையின் விருப்பம், மனஅழுத்தம், கையேட்டிலிருந்து இரண்டு வாக்கியம். எதற்கும் வேலை வரவில்லை.

நான் சொல்லி முடித்ததும் நாச்சிமுத்து மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஏனுங் டீச்சர், பாப்பாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் புடிக்கலீங்களா?"

"அவ மனசு தாவரவியல்ல இருக்குங்க."

துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "எங்களுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நாளையில இருந்து கோச்சிங் போக வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. பரமேஸ்வரி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கௌசிகா கதவோரமாக நின்று காலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். கூச்சம். நான் கிளம்பும்போது, "தேங்க்ஸ் மிஸ்" என்று மெதுவாகச் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது ஜெயித்துவிட்ட மாதிரியும் இருந்தது, எதையோ கைதவறிப் போட்டு உடைத்துவிட்ட மாதிரியும் இருந்தது. பசியாக இருக்கும்.

அக்டோபர் 10

காலாண்டுத் தேர்வு, விடுமுறை எல்லாம் முடிந்து இன்றுதான் இலக்கு வகுப்பு. கௌசிகாவுக்கு எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் குறைந்திருக்கிறது. தாவரவியலில்தான் அதிகம் குறைந்திருக்கிறது. எனக்கு விளங்கவில்லை.

நாற்பத்தொரு நோட்டையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். விடுமுறையில் 'நேரம் போவதே தெரியாத காரியம்' பற்றி எல்லோரும் எழுதி வரச் சொல்லியிருந்தேன். சப்பாத்தி மாவு பிசைந்து வைத்துவிட்டுத் திருத்த உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் 'வெரி குட்' போட்டுக்கொண்டே வந்தேன்.

பதினொரு பேர் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் அம்மா மூன்று தடவை கூப்பிட்டது காதில் விழவில்லை. ரஃபீகா குடியிருப்பது வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில். அவள் எந்தக் கிணற்றைப் பார்த்தாள்?

முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கௌசிகாவின் பழைய பக்கத்தைத் திருப்பினேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

சப்பாத்தி வரட்டி மாதிரி வந்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அக்டோபர் 13

ஆய்வகத்தில் கௌசிகாவைக் கேட்டேன். "அந்தத் தொட்டிப் பாசி... நிஜந்தானா?"

"தொட்டி இருக்குதுங் மிஸ்."

"நீ உட்கார்ந்து பார்த்தியா?"

"பார்த்தேன். நீங்க சொன்னீங்களேன்னு பார்த்தேன். பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன். ஒண்ணும் தோணலை. கொசுதான் கடிச்சுது."

"அப்ப ஏன் அப்படி எழுதினே?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கணக்கை விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "கண்டிப்பா இருக்கும்னு சொன்னீங்க. தேடினேன், கிடைக்கல. வெறுங்கையோட வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு உங்களோடத எடுத்துக்கிட்டேன். படிச்சுட்டு நீங்க ரொம்ப சந்தோஷப்பட்டீங்க. அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது?"

"வீட்டுக்கு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் அப்பாவுந்தானே மிஸ் பேசுனீங்க."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"டாக்டர் வேண்டாம்னு நான் எழுதவே இல்லீங் மிஸ். தெரியலைன்னுதான் எழுதினேன்" என்றாள் போகும்போது.

மூன்று வாரமாக அவள் கோச்சிங் போகவில்லை. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய்த் தீவனம் போடுகிறாளாம். அப்பா அவளோடு சரியாகப் பேசுவதில்லையாம்.

அக்டோபர் 14

எழுதிவிடுகிறேன்.

தாராபுரம் வீட்டில் கிணறு இருந்தது. பாசியும் இருந்திருக்கும். நான் அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை, துணி துவைத்திருக்கிறேன். கையேட்டின் பதினாலாம் பக்கத்தில் எறும்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்து பூச்சியியலுக்குப் போன ஒருவரின் கதை இருக்கிறது. எறும்பை எடுத்துவிட்டுப் பாசியைப் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் சொல்வதற்கு ஒன்று வேண்டியிருந்தது.

நான் தாவரவியல் எடுத்தது வேதியியலில் இடம் நிரம்பிவிட்டதால். அப்பா விண்ணப்பத்தை அங்கேயே அடித்துத் திருத்தினார். பி.எட். சேர்த்தது மாமா. கல்யாணம், வீடு, நிகிலனுக்கு எந்தக் கல்லூரி, எல்லாம் யாராவது சொன்னார்கள், நான் சரி என்றேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். நன்றாக இல்லாமல் என்ன?

அக்டோபர் 17

வகுப்பில் சொல்லிவிட்டேன். கிணற்றுக் கதை நிஜமில்லை என்று.

ரஃபீகா கையைத் தூக்கினாள். "மிஸ், அப்ப நாங்க எழுதினதுக்கு நீங்க போட்ட 'வெரி குட்'?"

"அதுவும் தப்புதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் வகுப்பே சிரித்தது. கௌசிகா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையேட்டை மேசைக்குள் வைத்துவிட்டு, "பதில் தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்க. மார்க் கிடையாது, படிச்சுக் காட்டவும் மாட்டேன்" என்றேன். ஏழு பேர் உடனே எழுத ஆரம்பித்தார்கள். இதுவரை பேனாவே திறக்காதவர்கள். இது நல்லதற்கா, நான் வகுப்பையே கெடுத்துவிட்டேனா, தெரியவில்லை.

அக்டோபர் 19

இரண்டாம் தடவை பண்ணைக்குப் போனேன். இந்த முறை, "நீங்க வாங்க மிஸ், அப்பாகிட்ட என்னால தனியாச் சொல்ல முடியாது" என்று கௌசிகாவே சொன்னாள்.

புதிதாகக் குஞ்சு இறக்குகிற நாள். கொட்டகை முழுக்கத் தேங்காய்நார் பரப்பி, வரிசையாக பல்பு எரியவிட்டிருந்தார்கள். பெட்டி பெட்டியாக மஞ்சள் குஞ்சுகள். நாச்சிமுத்து கை வேலையை விடாமலே, "வாங்க டீச்சர்" என்றார். நாற்காலி துடைக்கவில்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் கதை, அவள் அதைப் பார்த்து எழுதியது, நான் விசாரிக்காமல் ஓடி வந்தது.

அவர் நிமிர்ந்தார். "போன மாசம் வந்து வேண்டாம்னீங்க. இப்ப வந்து அது நெசமில்லைங்கறீங்க. உங்களுக்கு இது வெளையாட்டுங்களா டீச்சர்? எங்களுக்கு எது சரின்னு தெரியாமத்தானே உங்க வாய்ச்சொல்லை அப்படியே கேட்டேன்? மூணு வருஷமா எம்புள்ள டாக்டருக்குப் படிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். ஒரே நாள்ல வாயை மூடிக்கிட்டேன். அது எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை.

"என்கிட்டக் கேட்ட மாதிரியே பாப்பாகிட்டயும் கேளுங்க" என்றேன்.

அவர் திரும்பினார். கௌசிகா கையில் காலிப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "என்ன அம்மிணி, உனக்கு என்னதான் வேணும்?" அதட்டலாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார்.

"தெரியலப்பா."

"தெரியலைன்னா?"

"தெரியல. டாக்டருக்குப் புடிச்சுப் படிக்கலை. புடிக்காமலும் படிக்கலை. நாளைக்கே கோச்சிங் போறேன். நல்லாப் படிக்கறேன். ஆனா பரீட்சை முடியற வரைக்கும் நீங்க, அம்மா, மிஸ், யாரும் 'என்ன ஆகப்போறே'ன்னு என்னைக் கேக்கக் கூடாது. அதைக் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது."

பரமேஸ்வரி கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து மகளின் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

நாச்சிமுத்து ஓரமாக ஒதுங்கிய ஒரு குஞ்சை எடுத்து பல்புக்கு அடியில் விட்டார். "சரி, கேக்கல" என்றார். என்னிடம் திரும்பி, "நீங்களும் கேக்காதீங்க டீச்சர்" என்றார்.

"மாட்டேனுங்க."

அக்டோபர் 27

கோச்சிங்கில் கௌசிகாவின் பழைய பேட்ச் நிரம்பிவிட்டதாம். வேறொன்றில் சேர்த்திருக்கிறார்கள். ஐந்து வாரப் பாடம் போனது போனதுதான். அது என்னால் போனது. விட்டுப்போன பாடங்களில் என் பாடத்தை மட்டும் காலை எட்டு மணிக்கு வந்து நடத்துகிறேன். அவள் கேள்வி கேட்கிறாள், நான் பதில் சொல்கிறேன். வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை.

நவம்பர் 4

ஃபைல் அலமாரியில்தான் இருந்தது. முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது.

சாயந்திரம் இவர் பேனாவைக் கொண்டுவந்து வைத்தார். "நாளைக்குக் கடைசி நாள் வசு."

"நான் போடலைங்க."

"ஏன்? போகணுமா?"

"தெரியலைங்க."

"தெரியாம யாராச்சும் வீட்டை விட்டுட்டுப் போவாங்களா?"

"இத்தனை வருஷம் இங்க இருந்ததும் நான் தெரிஞ்சு இருந்ததில்லைங்க."

அவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். பாவமாக இருந்தது. கெட்டவர் இல்லை. இருபத்தோரு வருஷத்தில் அவர் என்னை எதற்கும் தடுத்ததில்லை. தடுக்கும்படி நானும் எதையும் கேட்டதில்லை. "நான் சமையலுக்கு என்ன பண்ணுவேன்?" என்றார். அதைத்தான் முதலில் கேட்டார். அப்புறம் அவருக்கே வெட்கமாகிவிட்டது போல. பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நவம்பர் 5

போடவில்லை.

பிப்ரவரி 20

கடைசி இலக்கு வகுப்பு. பழனிவேல் சார் அறிக்கை கேட்டார்: எத்தனை பேர் இலக்கை நிர்ணயித்திருக்கிறார்கள்? எண்ணிச் சொன்னேன். தெளிவாகச் சொன்னவர்கள் பதினெட்டு. பாதி தெளிவு, ஒன்பது. தெரியவில்லை, பதினாலு. "பதினாலா? குறைச்சுக் காட்டுங்க டீச்சர்" என்றார். முடியாது சார் என்று சொன்னது நான்தான். எனக்கே குரல் புதிதாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்படியே அனுப்பினார்.

மே 26

கலந்தாய்வு. என் முறை வந்தபோது திரையில் இரண்டு ஊர்தான் மிச்சம். ஒன்று உடுமலைக்குப் பக்கத்தில், வீட்டிலிருந்து போய்வரலாம். இன்னொன்று வால்பாறைக்கும் மேலே. வாசலில் காத்திருந்த இவர் காலையில்கூட "உடுமலை கிடைச்சா நல்லாருக்கும்" என்றிருந்தார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அதிகாரி கேட்டபோது, வால்பாறை என்றேன்.

ஏனென்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பிடிபடவில்லை. திருப்பூரில் இறங்கும்போது இவர், "ஸ்வெட்டர் வாங்கணும்" என்றார்.

ஜூன் 16

வந்து ஒரு வாரம். குவார்ட்டர்ஸில் ஓயாத ஈரம். துணி காய்வதில்லை. இவர் சனிக்கிழமை வந்து கேஸ் அடுப்பைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, தானே வைத்த ரசத்தை ருசி பார்க்கச் சொன்னார். உப்பு அதிகம். சொல்லவில்லை.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது கௌசிகா போன் செய்தாள். நீட்டில் அரசுக் கல்லூரிக்குப் போதுமான மதிப்பெண் இல்லை. கொஞ்சத்தில்தான் தவறியிருக்கிறது. அந்தக் கொஞ்சம் என்னுடைய ஐந்து வாரமாக இருக்கலாம். அவள் அதைச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

"இருக்கலாங் மிஸ்" என்றாள். இல்லை என்று சொல்லி என்னைத் தேற்றவில்லை. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

"அப்பா இன்னொரு வருஷம் எழுதறியான்னு கேட்டாரு. கேட்டாரு மிஸ், எழுதுன்னு சொல்லல. நான் வேண்டாம்னேன். கோயமுத்தூர்ல புள்ளியியல் சேர்ந்திருக்கேன்."

"புள்ளியியலா? அது..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். "புடிக்குமான்னு தெரியாது. அங்க போய் நின்னப்ப வயித்தைக் கலக்கல. அதனால சேர்ந்தேன். நீங்க எப்படி இருக்கீங்க மிஸ்?"

பத்தொன்பது வருஷத்தில் பிள்ளைகள் இந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். நல்லா இருக்கேன் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். இன்று கொஞ்சம் நின்று யோசித்தேன். எதிரே மலை தெரியவில்லை, முழுக்க மூட்டம். எட்டே முக்காலுக்கு இறைவணக்கம், இங்கே எனக்கு இன்னும் யார் பெயரும் சரியாகத் தெரியாது.

"ஒண்ணுமே புரியல கௌசிகா. பயமாவும் இருக்கு" என்றேன்.

"எனக்குந்தானுங் மிஸ்" என்றாள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தோம்.